வாதினா பாலின் எடை

வாதினா பால் நிறுவனத்தின் முதலாளி விவசாயக் கண்காட்சிப் பந்தலில் பேசிய மறுநாள் காலை, எங்கள் ஊர் அய்ன் தஹ்லாவில் மெக்கியின் மளிகைக் கடையில் இருந்த அந்த நிறுவனத்தின் அரை லிட்டர் பால் பொட்டலம் ஒன்று ஒரு செம்மறியாட்டின் கனத்துக்கு வந்திருந்தது. அலமாரியில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து மெக்கி கத்தியை அடியில் விட்டு நெம்பிப் பார்த்தார். ஒட்டவில்லை. கனமாக இருந்தது, அவ்வளவுதான். அன்று முட்டை விலை கொஞ்சம் ஏறியிருந்தது, புதினா மலிவாக வந்திருந்தது. கடைக்கு வந்தவர்கள் இந்த இரண்டையும் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே நாடு முழுக்கக் கைபேசியில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. வாதினா பாலை யாரும் வாங்க வேண்டாம், அது கடையிலேயே இருக்கட்டும் என்றது செய்தி. யார் முதலில் எழுதினார்கள் என்று தெரியாது. பால் விலை ஏறியது எல்லாருக்கும் தெரியும், எழுதியவர் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. காசாபிளாங்காவிலும் கடலோர ஊர்களிலும் சனங்கள் உடனே நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஊரில் அப்படி நிறுத்த முடியவில்லை. ஊரில் பாதிப் பேர் பால் வாங்கிக் குடிக்கிறவர்கள், மீதிப் பாதி மாடு வைத்துக்கொண்டு அதே வாதினாவுக்குப் பால் ஊற்றுகிறவர்கள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் கறக்கிற பால் வாதினாவின் சேகரிப்பு நிலையத்துக்குப் போய், எங்கோ இருக்கிற ஆலையைச் சுற்றி, பொட்டலமாகி, கால்வாய்க்கு இந்தப் பக்கம் கடைக்கு வந்து சேரும்.

பால் ஊற்றுகிறவர்களில் மஹ்ஜூபாவின் குரல்தான் பெரியது. கால்வாயின் ஒரு கரையில் நின்று அவள் மாட்டைத் திட்டினால் மறுகரையில் மேயும் மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும். அவள் புருஷன் ஸ்பெயினுக்குத் தோட்ட வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொருத்திக்குப் புருஷனாகிவிட்டான். அவன் விட்டுப்போன ஒற்றைக் கிடாரிக் கன்றை வைத்துக்கொண்டு நான்கு மாடுகள் வரைக்கும் வந்தவள் அவள். கிடாரியின் முதல் ஈற்றில் பிறந்த செவலைக்கு ஹம்ரா என்று பெயர். மஹ்ஜூபா பேச்சுக்குப் பேச்சு ஹம்ராவைத்தான் இழுப்பாள். பெற்ற பிள்ளை இருந்திருந்தால் அதை இழுத்திருப்பாள். வாதினாவை நிறுத்தச் சொன்னவர்களை அவளுக்குக் கட்டோடு பிடிக்கவில்லை. அதிலும் முதல் ஆளாக நிறுத்தியவள், சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற அவளுடைய சொந்தத் தங்கச்சி ருக்கியா, மளிகைக்காரர் மெக்கியின் மனைவி. மெக்கியின் கடைதான் கால்வாய்க்கு இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம்.

"என் மாட்டுப் பாலத்தான்டி அவன் பொட்டலத்துல அடைக்கிறான். நீ வாங்கலேன்னா யாரு வயித்துல அடிக்கிறே? அவன் வயித்துலயா, என் வயித்துலயா?" என்று மஹ்ஜூபா கடை வாசலில் நின்று கேட்டாள்.

"உன்கிட்ட வாங்குறப்போ தண்ணி விலை, எனக்கு விக்கிறப்போ தங்க விலை. நடுவுல யாருக்கா கொழுக்கிறான்? ஒரு நாளாவது கேட்டிருக்கியா நீ?"

"கேட்டுட்டா மட்டும்? அவன் மாளிகை எங்க, என் மாட்டுக் கொட்டாய் எங்க?"

"அப்ப வாய மூடிக்கிட்டுக் கற. நான் வாய மூடிக்கிட்டுக் குடிக்க மாட்டேன்."

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு, ஒரே கம்பியில் துணி காயப்போடுகிற இரண்டு பெண்கள் பேசாமல் இருப்பதற்கு நிறையப் பாடுபட வேண்டியிருந்தது. பாடுபட்டார்கள்.

முதலாளி பேசியதை மஹ்ஜூபா சாயங்காலத் தேநீர் நேரத்தில் தொலைக்காட்சியில் பார்த்தாள். அப்போதுதான் கறந்துவிட்டு வந்திருந்தாள், கை இன்னும் ஈரமாக இருந்தது. பந்தலில் யாரோ ஒரு நிருபர், பால் வாங்க மறுப்பவர்களைப் பற்றிக் கேட்டார். முதலாளி கையிலிருந்த பால் தம்ளரைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். "இந்த சனத்துக்கு எடையே கிடையாதுங்க. காத்தடிச்சா அந்தப் பக்கம், காத்து நின்னா இந்தப் பக்கம். ரமலான் வரட்டும், தானா வந்து வரிசைல நிப்பாங்க. நாங்க இல்லேன்னா பால் என்ன நிறம்னு கூட அவங்களுக்குத் தெரியாது" என்றார். பந்தலில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

மஹ்ஜூபா தன் கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் நுரை இன்னும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியை அணைத்தாள். தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் போய்த் தங்கச்சி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நாளையிலேருந்து நானும் வாதினா பால் வாங்க மாட்டேன்."

ருக்கியா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ எப்பக்கா வாங்கியிருக்கே? வீட்டுல நாலு மாடு நிக்குது."

"அதான் சொல்றேன். இனிமேயும் வாங்க மாட்டேன்."

ருக்கியா சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. இருவரும் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். மறுநாள் காலைதான் பொட்டலம் கனத்தது.

அதன் பிறகு ஒவ்வொரு வீடாக நிறுத்த நிறுத்த எடை கூடிக்கொண்டே போனது. ஊரில் எந்த வீடு புதிதாகச் சேர்ந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை. மெக்கி காலையில் கடை திறந்ததும் பொட்டலத்தை ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பார், தெரிந்துவிடும். கோதுமை மூட்டை அளவுக்கு வந்தபோது அலமாரி உடைந்தது. கழுதை அளவுக்கு வந்தபோது தரையில் குழி விழுந்தது. புதிதாக வாதினா சரக்கு கொண்டுவந்த பூஷைபின் லாரி கால்வாய்ப் பாலத்துக்கு முன்னால் இருக்கிற சின்ன மேட்டில் ஏற முடியாமல் புகை விட்டு நின்றது. ஓட்டுநர் பூஷைப் இறங்கி வந்து மெக்கியின் கடையில் ரொட்டியும் ஆலிவும் தின்றார். காசாபிளாங்காவில் ஒரு பேரங்காடியில் பால் அடுக்கியிருந்த பகுதி மெல்ல ஒரு மாடி கீழே இறங்கித் துணிகள் விற்கும் இடத்தில் போய் நின்றுவிட்டது என்று சொன்னார். யாருக்கும் அடிபடவில்லை, சில சட்டைகள்தான் கசங்கின என்றார். நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் தராசோடு வந்தார்கள். பொட்டலத்தைத் தராசில் ஏற்ற ஊரில் பலசாலிகள் எல்லாரும் கூட வேண்டியிருந்தது. முள் அரை லிட்டர் பாலுக்கு எவ்வளவு காட்ட வேண்டுமோ அவ்வளவுதான் காட்டியது. எடை சரியாக உள்ளது என்று எழுதிக்கொண்டார்கள். ஆனால் பொட்டலத்தைத் தராசிலிருந்து இறக்க முடியவில்லை. தராசையும் விட்டுவிட்டுப் போனார்கள்.

பிறகு வாதினா சேகரிப்பு நிலையத்துக்குப் பூட்டுப் போட்டது. நிலையத்தின் பொறுப்பாளர் நபீல், நல்ல சட்டை போடுகிற இளைஞர், கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, கையில் பால் கேனோடு வந்தவர்களிடம் சொன்னார்: "வாங்க ஆளே இல்லாதப்போ உங்க பாலை வாங்கி நாங்க என்ன பண்றது? போய் உங்க ஊர்க்காரங்களக் கேளுங்க."

கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஆட்கள் கேட்கத்தான் வந்தார்கள். சிலர் கையில் தடியும் இருந்தது. சந்தைத் திடலில் இரண்டு பக்கமும் எதிரெதிராக நின்றபோது, அன்று அய்ன் தஹ்லாவில் மண்டை உடையப்போகிறது என்று பள்ளிவாசல் பக்கத்துக் கடைகள் எல்லாம் சாத்தப்பட்டன. நடுவில் மஹ்ஜூபா தன் கழுதையோடு வந்து நின்றாள். கழுதையின் இரண்டு பக்கமும் காலையில் கறந்த பால் கேன்கள் தொங்கின.

"பூட்டுப் போட்டது இவங்களா? இவங்க பையில தேடிப் பாருங்க, சாவி கெடைக்குதான்னு" என்று அவள் தன் பக்கத்து ஆட்களைப் பார்த்துக் கத்தினாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன வேடிக்கை பாக்குறீங்க? பால் வேணாம்னா சொன்னீங்க? வாதினா வேணாம்னுதானே சொன்னீங்க? போய்ப் பாத்திரம் எடுத்துட்டு வாங்க. வெயில் ஏறுது, திரிஞ்சுடும்."

முதலில் ருக்கியா கூஸ்கூஸ் பானையோடு ஓடி வந்தாள். பின்னாலேயே மற்றவர்கள் குடம், கெட்டில், குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டி என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்தார்கள். தடி வைத்திருந்தவர்கள் தடியைக் கீழே போட்டுவிட்டுக் கேன்களை இறக்கினார்கள். அன்று முதல் அய்ன் தஹ்லாவின் பால் ஆலைக்குப் போகாமல் கால்வாயைத் தாண்டி நேராக வீடுகளுக்கு வந்தது. காசு இருந்தவர்கள் காசு கொடுத்தார்கள், இல்லாதவர்கள் வாற்கோதுமையும் சோளத் தட்டையும் கொடுத்தார்கள். தையற்காரர் ஒருவர் பால் ஊற்றுகிற ஆண்கள் எல்லாருக்கும் குளிர்கால அங்கி தைத்துக் கொடுத்தார், அது நடுக்கோடை. மிஞ்சிய பாலைத் தோல் பையில் ஆட்டி மோராக்கினார்கள். அதிலும் மிஞ்சியதைப் பாலாடைக் கட்டியாக்கிப் பனை ஓலையில் சுற்றி வைத்தார்கள்.

ஆனாலும் மாட்டுக்குத் தீவனம் மோரைக் கொடுத்தால் கிடைக்காது. அந்தக் கோடையில் எங்கள் பக்கத்தில் மழையும் இல்லை, புல்லும் இல்லை. பலரும் ஒவ்வொரு மாடாக விற்றார்கள். மஹ்ஜூபாவும் விற்க வேண்டி வந்தது. மற்ற மூன்று மாடுகளையும் பார்த்தாள், அவை விலை போகாது என்று தெரிந்தது. ஹம்ராவைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். வாங்கியவன் பல்லைப் பிடித்துப் பார்த்தான், மடியைப் பிடித்துப் பார்த்தான், லாரியில் ஏற்றினான். ஹம்ரா பலகையில் கால் வைக்க மறுத்தபோது மஹ்ஜூபாதான் பின்னாலிருந்து தட்டிக்கொடுத்து, "போடி, போ" என்று ஏற்றிவிட்டாள். அவ்வளவு பெரிய குரல் அன்று முழுக்கக் கேட்கவில்லை என்பதை ஊர் கவனித்தது. யாரும் போய்க் கேட்கவில்லை.

நபீல் கவனித்திருந்தார். மறுநாள் ஒரு சர்க்கரைக் கூம்பை நீலத்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, பெண் பார்க்க வருகிறவர் போல அவள் வீட்டுக்கு வந்து, மரியாதைக்கு லல்லா என்று அழைத்தார்.

"லல்லா, நீங்க பெருசா ஒண்ணும் பண்ண வேணாம். கேமரா முன்னாடி எங்க பாலை ஒரு தம்ளர் குடிங்க. இவங்க வாங்காம இருக்குறதால என் வயித்துல அடிக்கிறாங்கன்னு சொல்லுங்க. அது உண்மைதானே? நிலையத்தத் திறந்துடுவோம். எல்லாருக்குமே திறந்துடுவோம். உங்க செவலையையும் தேடிப் பிடிச்சுக் கொண்டாந்து கட்டிடலாம்."

அவர் சொன்னது அவளே ஒரு நாள் தங்கச்சியிடம் சொன்னதுதான். தொழுவத்தில் காலியாக இருந்த முளையை மஹ்ஜூபா ஒருமுறை பார்த்தாள்.

"யோசிக்கிறேன் தம்பி" என்றாள்.

மறுநாள் காலை மெக்கி வழக்கம்போலப் பொட்டலத்தைத் தள்ளினார். அது ஒரு சாண் நகர்ந்தது. மெக்கி தெருவுக்கு ஓடி வந்து ஆட்களைக் கூப்பிட்டார். சற்று நேரத்தில் கடை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. ஊரில் யாருக்கோ மனம் ஆடிவிட்டது என்று எல்லாருக்கும் புரிந்தது. யார் என்றுதான் தெரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தொடங்கினார்கள், அது பார்க்கச் சகிக்கவில்லை. ருக்கியா தன் புருஷனையே பிடித்துக்கொண்டாள்.

"நீதானே? கடை ஓடலேன்னு ராவும் பகலும் பொலம்பினியே, நீதானே?"

"அல்லா மேல ஆணையா நான் இல்லடி! எனக்குப் பாலே ஒத்துக்காது, உனக்குத் தெரியாதா?"

உப்பு வாங்க வந்திருந்த மஹ்ஜூபா கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். யாரும் அவளைச் சந்தேகப்படவில்லை.

"அவர விடுடி, நான்தான்" என்றாள்.

கூட்டம் விலகி வழி விட்டது. நபீல் வந்ததையும் அவர் கேட்டதையும் அவள் சொன்னாள். சர்க்கரைக் கூம்பைப் பற்றியும் சொன்னாள். ருக்கியா அவளருகில் வந்து, முகத்தில் விழுந்திருந்த அவள் தலைத்துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

"ஹம்ராவ ஏத்திவிட்டப்போ நான் உன் பக்கத்துல வந்து நின்னிருக்கணும்க்கா. கடையப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டேன். இது கொறஞ்சதுல பாதி என்னால."

"என்னாலயும்தான்" என்று தையற்காரர் சொன்னார். அதன் பிறகு வரிசையாக எல்லாரும் சொன்னார்கள். மெக்கியும் சொன்னார், அவர் மேல் எந்தத் தப்பும் இல்லாவிட்டாலும்.

மஹ்ஜூபா அன்றே நபீலுக்கு ஆள் அனுப்பி, வருவதாகச் சொன்னாள். படம் பிடிக்க வந்தவர்கள் சேகரிப்பு நிலையத்தின் சிமெண்டு முற்றத்தில் ஒரு மேசையைப் போட்டார்கள். எடை கொஞ்சம் குறைந்திருந்ததால், மெக்கியின் கடையிலிருந்த அந்தப் பொட்டலத்தையே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைக்க முடிந்தது. ஊர் முழுக்க மதில் ஓரமாக வந்து நின்றது. மஹ்ஜூபா பெருநாளுக்குப் போடுகிற கஃப்தான் அங்கியைப் போட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தம்ளரை அவள் முன்னால் வைத்து, பேசுங்கள் என்று நபீல் கை காட்டினார்.

"நான் மஹ்ஜூபா. இது என் மாட்டுப் பாலு. ஹம்ராவோட பாலும் இதுல இருக்கும். பால் நல்லாத்தான் இருக்கும், ஏன்னா கறந்தது நான். குடிக்கச் சொல்றாங்க. எனக்கும் என் சனத்துக்கும் எடையில்லேன்னு இத வித்தவர் சொன்னாரு. அவர இங்க வரச் சொல்லுங்க. இத ஒரு கையால தூக்கட்டும். தூக்கிட்டார்னா நானே காசு குடுத்து வாங்கிக் குடிக்கிறேன்."

அவள் பேசப் பேச மேசையின் கால்கள் சிமெண்டில் இறங்கின. பேசி முடித்தபோது மேசைப் பலகை தரையோடு தரையாக இருந்தது. நபீல் குனிந்து தம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டார். நிறுவனத்தின் கேமரா எடுத்த படம் எங்கேயும் வரவில்லை. மதில்மேல் உட்கார்ந்திருந்த பூஷைபின் கைபேசி எடுத்த படம் தாங்கியரிலிருந்து சஹாரா ஓரம் வரைக்கும் போனது. தேநீர்க் கடைகளில் முன்பின் தெரியாத ஆட்கள் எல்லாம் "தூக்கட்டும்" என்று ஒருவருக்கொருவர் வணக்கம் போலச் சொல்லிக்கொண்டார்கள்.

ரமலான் வந்தது. வரிசையில் யாரும் நிற்கவில்லை. அய்ன் தஹ்லாவில் நோன்பு திறக்கிற நேரத்தில் ஒவ்வொரு வீட்டுத் தட்டிலும் பேரீச்சம்பழத்தின் பக்கத்தில் கால்வாய்க்கு அந்தப் பக்கத்துப் பால் இருந்தது. ஹரீரா சூப்பின் மணத்தோடு, அன்றைக்கு எந்த மாட்டின் பால் நன்றாக இருந்தது என்ற சண்டையும் தெருவில் கேட்டது. எங்கள் ஊர் அதற்கு முன்னால் அவ்வளவு நன்றாகச் சாப்பிட்டதில்லை என்று சொல்ல மாட்டேன். அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

பெருநாள் கழிந்து முதலாளி வந்தார். வராமல் பல நாள் இருந்து பார்த்தார், முடியவில்லை. அவர் போகிற இடமெல்லாம், வங்கியில், விமான நிலையத்தில், அவருடைய பல் மருத்துவரிடத்தில்கூட, தூக்கிப் பார்த்தீர்களா என்று கேட்டார்களாம். எங்கள் ஊர்க்காரர்கள் அவரை முதலில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள், பாலாடைக் கட்டியும் தேனும் வைத்தார்கள். வந்தவரை வெறும் வயிற்றோடு தோற்கவிட்டார்கள் என்ற பேர் எங்களுக்கு வேண்டாம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, நிலையத்து முற்றத்தில் குனிந்து பொட்டலத்தைப் பிடித்தார். அசையவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் பிடித்தார். அப்புறம் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சிரித்தார்கள்.

"நான் சொன்னது தப்புதான்" என்றார் அவர்.

"சத்தமா சொல்லுங்க ஐயா" என்றாள் மஹ்ஜூபா. "எங்களுக்குக் காது நல்லாத்தான் கேக்குது. ஆனா அன்னிக்கு நீங்க சத்தமாத்தானே சொன்னீங்க."

முதலாளி எழுந்து நின்று, மதில் ஓரம் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் குனிந்து பிடித்தபோது பொட்டலம் சட்டென்று மேலே வந்துவிட்டது. அந்த வேகத்தில் பின்னால் விழப்போனவரை மஹ்ஜூபாதான் தோளைப் பிடித்து நிறுத்தினாள். பேச்சு தவறக் கூடாது என்று அங்கேயே காசை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பொட்டலத்தைப் பிரித்தார்கள். உள்ளே பால் கட்டியாகிக் கிடந்தது. குடிக்க வழியில்லாததால் பூனைக்குப் போட்டார்கள், பூனை தின்றது.

பால் விலை இறங்கியது. சேகரிப்பு நிலையம் திறந்தது, ஆனால் கால்வாய்க்கு அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் திரும்பிப் போகவில்லை. அவர்கள் மஹ்ஜூபாவைத் தலைவியாக வைத்துச் சொந்தமாகச் சங்கம் தொடங்கினார்கள். அது இப்போதும் நடக்கிறது. ஹம்ரா திரும்பவில்லை. வாங்கியவன் ஃபெஸ் நகரப் பக்கம் விற்றுவிட்டான். மஹ்ஜூபா இரண்டு முறை அங்கே போய்த் தேடினாள், கிடைக்கவில்லை. ஹம்ராவுக்குப் பிறகு வந்த எந்த மாட்டுக்கும் அவள் அந்தப் பெயரை வைக்கவில்லை.

பொட்டலங்களிலிருந்து இறங்கிய எடை எங்கேயாவது போயாக வேண்டும். அது எங்கள் ஊர்க்காரர்கள் மேல் வந்து சேர்ந்தது. பார்க்க யாரும் பெருக்கவில்லை, தையற்காரர் அளவு நாடாவை மாற்றவில்லை. ஆனால் கட்டில் செய்கிறவர்கள் எங்கள் ஊருக்கு என்றால் கால்களைத் தடியாக வைக்கிறார்கள். பெனி மெல்லால் பேருந்து எங்கள் நிறுத்தத்துக்கு முந்திய பெட்ரோல் நிலையத்தில் நின்று சக்கரத்துக்குக் கூடுதலாகக் காற்றடித்துக்கொண்டுதான் வருகிறது. போன வாரம்கூட மஹ்ஜூபா ஏறியபோது பேருந்து அவள் பக்கம் ஒருமுறை தாழ்ந்து நிமிர்ந்தது.

"லல்லா, கொஞ்சம் நடுவுல உக்காந்தீங்கன்னா வண்டி சாயாம இருக்கும்" என்றான் நடத்துநர்.

"வண்டிய நேரா ஓட்டச் சொல்லுப்பா" என்று சொல்லிவிட்டு அவள் முன்னிருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நடத்துநர் மற்ற பயணிகளை எதிர்ப் பக்கம் மாறி உட்காரச் சொன்னான். அவர்கள் கூடைகளை எடுத்துக்கொண்டு மாறி உட்கார்ந்தார்கள், பேருந்து கிளம்பியது.